சும்மாதான் இருக்காங்க, எழுதிக்கோங்க

போன வாரம் அண்ணன் மக போன் பண்ணியிருந்தா. பக்கத்து ஒன்றியத்துல ஆரம்பப் பள்ளி டீச்சர், வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது. "சித்தப்பா, சென்சஸ் வேலைக்குன்னு எங்க ஸ்கூல்ல எல்லார் பேரையும் எழுதி வாங்கியிருக்காங்க. எத்தனை நாள் இருக்கும்? வெயில்ல அலையணுமா? ரொம்பக் கஷ்டமா?"ன்னு மூச்சு விடாம கேள்வி. "கஷ்டமெல்லாம் ஒண்ணுமில்லம்மா, இருபது நாள் கூத்து, ஜாலியா இருக்கும்"னு சொல்லிட்டு போனை வெச்சுட்டேன். வெச்ச பொறவுதான் உறுத்துச்சு. பாதி உண்மையைத்தான் சொல்லியிருக்கேன். மீதிப் பாதியை இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொன்னதில்லை.

இங்க சொல்லிடறேன். நீங்கல்லாம் நம்ம ஆளுங்கதானே :-)

2011 கணக்கெடுப்புல அடியேனும் ஒரு கணக்கெடுப்பாளன். நாடு முழுக்க கிட்டத்தட்ட 27 லட்சம் பேர் அந்த வேலையைப் பாத்தோம். பெரும்பாலும் வாத்தியார்கள்தான், வேற யாரு? தேர்தலா, கூப்பிடு வாத்தியாரை. கணக்கெடுப்பா, கூப்பிடு வாத்தியாரை. நாமளா விண்ணப்பம் போட்டு வாங்கற தற்காலிக வேலை இல்லை இது, நம்மளைத் தேடி வர்ற தற்காலிக வேலை. 1948ம் வருஷத்து சென்சஸ் சட்டப்படி மாட்டேன்னு சொன்னா தண்டனை உண்டு. ஆனா உண்மையைச் சொல்லணும்னா, ஆர்டர் கையில வந்தப்போ எனக்குக் கொஞ்சம் கெத்தாத்தான் இருந்துச்சு. முப்பது வயசு. கழுத்துல அடையாள அட்டை, தோள்ல பை, கையில ஏரியா வரைபடம். இந்தத் தெருவுல யார் யார் இருக்காங்கன்னு அரசாங்கத்துக்கு நான் சொன்னாத்தான் தெரியும்! (கல்யாணம் ஆன புதுசு வேற. வீட்டுல காட்டிக்கறதுக்கு ஒரு வாய்ப்பு.)

பயிற்சி வகுப்பு ஒரு கல்யாண மண்டபத்துல நடந்துச்சு. டீ, வடை, மேல ஓடுற ஃபேன், மத்தியானம் ஆனா தூக்கம். படிவத்தை மடிக்கக் கூடாது, கசக்கக் கூடாது, கட்டத்துக்கு வெளிய பேனா போகக் கூடாது, மெஷின் படிக்கணும்ங்கறதையே பாதி நேரம் சொன்னாங்க. அந்தப் பயத்துல என் கையெழுத்து வாழ்க்கையிலேயே முதல் தடவையா அழகாச்சு. மொத்தம் 29 கேள்வி. பேர், உறவு, வயசு, மதம், தாய்மொழி, படிப்பு, பிறந்த ஊர், எத்தனை பிள்ளை பெத்தாங்க, அதுல எத்தனை உயிரோட இருக்குன்னு போகும். நடுவுல வேலையைப் பத்தி ஒரு கொத்துக் கேள்வி. அதைச் சாப்பாட்டு மணிக்கு முன்னாடி கால் மணி நேரத்துல முடிச்சுட்டாங்க. சாம்பார் வாசனை வந்துருச்சு, யாரு கவனிச்சா?

அந்தக் கால் மணி நேரத்துல சொன்னது என்னன்னு நான் பொறவு கையேட்டை எடுத்துப் படிச்சுதான் புரிஞ்சுகிட்டேன். சென்சஸ் கணக்குல "வேலை"ன்னா சம்பளம் வாங்கறது மட்டும் இல்லை. கூலியே இல்லாம சொந்த வயல்ல பாடுபட்டாலும் வேலை. குடும்பத் தொழில்ல கூடமாட ஒத்தாசை செஞ்சாலும் வேலை. கொஞ்ச நேரம்தான் செஞ்சாலும் வேலை. அதை விடுங்க, மாடு வளர்த்து பாலைக் கறந்து அதை வீட்டுக் காப்பிக்கு மட்டும்தான் ஊத்தறாங்கன்னாலும் அது வேலை. வருஷத்துல ஆறு மாசமோ அதுக்கு மேலயோ செஞ்சா ஒரு பிரிவு, அதுக்குக் கம்மின்னா இன்னொரு பிரிவு, அவ்ளோதான் வித்தியாசம். பொம்பளைங்க செய்யற வேலை கணக்குல விட்டுப் போகுதுன்னு ரொம்ப நாளா எல்லாரும் கத்தினதால 1991 கணக்கெடுப்புல கேள்வியிலேயே ஒரு வால் சேத்தாங்க: சொந்த நிலத்துலயோ குடும்பத் தொழில்லயோ கூலியில்லாம செய்யற வேலையையும் சேத்துன்னு. ஆக, டெல்லியில உக்காந்து கேள்வி தயார் பண்ணினவங்க மேல இந்த விஷயத்துல குத்தம் சொல்ல முடியாது. அவங்க வாலோடதான் அனுப்பினாங்க.

வாலை நறுக்கினது நான்.

2011 பிப்ரவரி 9, புதன்கிழமை. முதல் நாள். பள்ளிக்கூடம் முடிஞ்சு சாயங்காலம் ஆரம்பிச்சேன். என் பகுதி ஆலங்குளத்துப் பக்கத்துல ஒரு கிராமம், கிட்டத்தட்ட 140 குடும்பம். முதல் ரெண்டு நாள் நல்லாத்தான் பொழுது போச்சு. புருஷன் பேரைச் சொல்ல மாட்டேன்னு ஒரு பெரியம்மா சுவத்துல மாட்டியிருந்த காலண்டர் முருகனைக் காட்டினாங்க. நான் முருகன்னு எழுதப் போக, "அதில்ல, கீழ நிக்குதுல்லா அது"ங்கறாங்க. கீழ மயில் நிக்குது, மயில்வாகனம்! வயசு கேட்டா யாரும் நம்பர் சொல்றதில்லை. "எம்.ஜி.ஆர். செத்தன்னைக்குப் பொறந்தவன் சார்"னு சொன்னா 1987 டிசம்பர் 24, வயசு 23னு நான் போட்டுக்கணும். "காமராசர் செத்தப்போ எங்கம்மா வயித்துல இருந்தேன்"னு ஒருத்தர். 1992 வெள்ளத்தை வெச்சு வயசு சொன்னவங்க எத்தனை பேர்னு கணக்கில்லை. தாமிரபரணி எங்க பக்கத்துக்கு ஒரு பிறப்புச் சான்றிதழ் ஆபீஸ் மாதிரி.

ஒரு வீட்டுல மட்டும் கஷ்டமாப் போச்சு. வீட்டுக்காரர் சவுதியில. கணக்கெடுக்கற அந்த நாட்கள் முழுக்க ஊர்ல இல்லாதவரைச் சேக்கக் கூடாதுங்கறது விதி. அந்தம்மா விடவே மாட்டேங்குது. "அவரு சம்பாத்தியத்துலதான் சார் இந்த வீடே நிக்குது. அவரை எப்படி இல்லைன்னு எழுதுவிய?" விதியைச் சொன்னேன். கேட்டுட்டு, "சரி, பென்சில்லயாவது ஓரமா எழுதுங்க"ன்னுச்சு. இன்னும் அந்தக் குரல் காதுல இருக்கு. ஆனா நான் சொல்ல வந்தது இந்தக் கதை இல்லை.

ஒரு குடும்பத்துக்கு 29 கேள்வி ஒழுங்காக் கேட்டா அரை மணி நேரத்துக்கு மேல ஆகும். சாயங்காலம் ரெண்டு மூணு மணி நேரத்துல அஞ்சு வீடு கூடத் தாண்ட முடியாது. இருபது நாள்ல 140 வீடு எப்படி முடிக்கறது? அதனால எல்லாக் கேள்விக்கும் ஒரு சுருக்கம் கண்டுபிடிச்சேன். வேலைக் கேள்விக்கு நான் கண்டுபிடிச்ச சுருக்கம் ரெண்டே வார்த்தை. "வேலைக்குப் போறாங்களா?"

அதுவும் யார்கிட்ட கேட்டேன்? திண்ணையில உக்காந்திருந்த ஆம்பளைகிட்ட. அவர் உள்ள திரும்பிக் கூடப் பாக்காம பதில் சொல்வார். "இல்ல சார், அவ சும்மாதான் இருக்கா, எழுதிக்கோங்க." எழுதிக்குவேன். வேலை செய்யாதவர், வீட்டு வேலை மட்டும்னு அதுக்கு ஒரு நம்பர் இருக்கு, கட்டத்துக்குள்ள அழகாப் போட்டுட்டு அடுத்த ஆள். "சும்மா இருக்கா"ன்னு அவர் சொல்ற அதே நிமிஷம் உள்ள இருந்து கத்தரிக்கோல் சத்தம் கேக்கும். பீடி இலை வெட்டற சத்தம். எங்க பக்கத்துல பொறந்தவனுக்கு அந்தச் சத்தம் தெரியாம இருக்காது. தெரிஞ்சேதான் எழுதினேன். நூறு நாள் வேலைக்குப் போறவங்க மட்டும்தான் "வேலைக்குப் போறேன்"னு சொன்னாங்க. அதுக்குப் பேர்லயே வேலைன்னு இருக்கு, அதுக்கு வீட்டை விட்டுப் போகவும் செய்யணும்ல.

முதல் அஞ்சு நாள்ல 41 வீடு முடிச்சேன். ஞாயித்துக்கிழமை ஒரே நாள்ல இருபதுக்கு மேல. என்னா வேகம்!

42வது வீடு ஒரு ஆச்சி. தனி ஆள், ஒரு எருமை, ஒரு கன்னு. என்னோட ரெண்டு வார்த்தைக் கேள்வியைக் கேட்டேன். "நான் எங்கய்யா போறேன், இங்கனயேதான் கெடக்கேன்"னாங்க. எழுதிட்டேன். எழுந்திருக்கப் போறேன், "என்னத்தய்யா எழுதுன, வாசிச்சுக் காட்டு"ன்னாங்க. 41 வீட்டுல ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்லை. பேர், வயசு எல்லாம் வாசிச்சுட்டு, "வேலை எதுவும் செய்யலைன்னு எழுதியிருக்கேன் ஆச்சி"ன்னேன்.

ஆச்சிக்கு வந்துச்சே கோவம்.

"அப்போ நான் சோலியத்தவளா? நாலு மணிக்கு எந்திச்சி சாணி அள்ளுதேன். பால் கறந்து சொசைட்டிக்கு ஊத்துதேன். வாய்க்கா வரப்புல போயி புல்லறுத்துச் சொமந்துட்டு வாரேன். கன்னுக்குச் சீக்குன்னா ராவெல்லாம் முழிச்சிக் கெடக்கேன். நீ சோலி இல்லன்னு எழுதுத!"

"நீங்கதானே ஆச்சி வேலைக்குப் போகலைன்னு சொன்னீங்க?"

"போகலதான். நீ போறியான்னுதான கேட்ட? செய்யுதியான்னா கேட்ட?"

நான் பயிற்சி வகுப்புல கத்துக்காததை அந்த எருமைத் தொழுவத்துல கத்துக்கிட்டேன். எங்க ஊர்ப் பக்கம் வேலைக்கு "சோலி"ன்னு சொல்வாங்கன்னு உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். ரெண்டும் ஒண்ணுன்னுதான் நான் அதுவரைக்கும் நெனச்சிருந்தேன். இல்லை. "வேலை"ன்னா சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய போறது, மாசம் பொறந்தா காசு வர்றது. "உங்க பையனுக்கு வேலை கெடைச்சிருச்சா"ன்னு கேப்போமே, அந்த வேலை. "சோலி"ன்னா செஞ்சாகணும்ங்கறது. செய்யலைன்னா எருமை கத்தும், பிள்ளை பட்டினி கெடக்கும், பீடிக்கடைக்காரன் வைவான். சென்சஸ் கேட்டது சோலியைப் பத்தி. என் வாயில இருந்து வந்தது வேலையைப் பத்தி. அதுலயும் "போறீங்களா"ங்கற அந்த ஒரு வார்த்தை இருக்கே, வாசப்படி தாண்டாத அத்தனை பேரையும் ஒரே வீச்சுல அடிச்சுட்டுப் போயிரும்.

அடுத்த வீட்டுல இருந்து கேள்வியை மாத்தினேன். வீட்டுப் பொம்பளைங்களை வெளிய வரச் சொல்லி, அவங்ககிட்டயே, "காலையில எந்திச்சதுல இருந்து படுக்கற வரைக்கும் என்னென்ன சோலி பாக்கிய?"ன்னு கேக்க ஆரம்பிச்சேன். முதல்ல சிரிச்சாங்க. பொறவு சொன்னாங்க. சொல்ல ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேங்கறாங்க. பீடி, ஆடு, களை எடுப்பு, மாமனார் வயல்ல தண்ணி பாச்சறது, புருஷனோட டீக்கடைக்கு மாவாட்டிக் குடுக்கறது, கோழி. அந்தப் படிவத்துல அந்தக் கட்டமெல்லாம் வேற மாதிரி நிரம்ப ஆரம்பிச்சுது. பல வீட்டுல புருஷன்காரருக்கே ஆச்சரியம், "அட, இதெல்லாமா எழுதுவாங்க?"ன்னு.

ஒரு வீட்டுல நடந்ததைச் சொல்றேன். மாமியார், மருமக, கொழுந்தியா மூணு பேரும் பீடி சுத்தறாங்க. பாஸ்புக் மாமியார் பேர்ல மட்டும். மூணு பேர் சுத்தற பீடியும் ஒரே பாஸ்புக்ல ஏறுது. எங்க பக்கம் இது சகஜம். ஆக, கம்பெனி ரிஜிஸ்டர்ல மத்த ரெண்டு பேரும் இல்லை. பி.எஃப்.ல இல்லை. எந்தக் காகிதத்துலயும் இல்லை. அந்த ரெண்டு பொம்பளைங்க தொழிலாளின்னு இந்த நாட்டுல ஏதாவது ஒரு இடத்துல எழுதப்படணும்னா அது சென்சஸ் படிவம் ஒண்ணுதான். அதுலயும் நான் "சும்மா"ன்னு எழுதிட்டுப் போனா? முதல் 41 வீட்டுல இந்த மாதிரி எத்தனை மருமக, எத்தனை கொழுந்தியா?

இப்போ வர்றது நான் சொல்லாத பாதி. அந்த 41 வீட்டுக்கும் திரும்பப் போகணும்னு ராத்திரி முடிவு பண்ணினேன். எங்களுக்கு மேல இருந்தவர்கிட்ட கூடுதல் படிவம் கேட்டேன். "எதுக்கு சார்? ஆள் எண்ணிக்கை டேலி ஆகுதுல்ல? ஆணு எத்தனை, பொண்ணு எத்தனை, அதான் மேல கேப்பாங்க. விடுங்க"ன்னார். நல்ல மனுஷன்தான், அவருக்கும் மேல இருந்து நெருக்கடி. கையில மிச்சம் இருந்த படிவத்தை வெச்சு 11 வீட்டுக்கு மட்டும் திரும்பப் போய்த் திருத்தி எழுதினேன். அதுக்குள்ள நாள் ஓடிருச்சு. 28ம் தேதி ராத்திரி வீடில்லாதவங்களை எண்ணப் போகணும், மார்ச் 1ல இருந்து 5 வரைக்கும் சரிபாக்கற வேலை, பள்ளிக்கூடத்துல பரீட்சை வேற. மீதி 30 வீட்டுப் படிவத்துல அப்படியே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்.

சென்சஸ் சட்டத்தோட 15வது பிரிவுப்படி அந்தப் படிவத்தை யாரும் பாக்க முடியாது, கோர்ட்ல சாட்சியமாக் கூட எடுக்க முடியாது. மக்களோட ரகசியத்தைக் காப்பாத்தறதுக்காகப் போட்ட நல்ல சட்டம். கூடவே என்னோட பொய்யையும் பத்திரமாப் பூட்டி வெச்சிருச்சு.

இன்னொண்ணும் இருக்கு. ஆச்சி கோவத்துல கேட்டதும் எனக்கு உடனே ஞாபகம் வந்தது இதுதான். 2001 பிப்ரவரி. நான் ஆசிரியர் பயிற்சி முடிக்கப் போற நேரம். எங்க வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர் எங்க ஊர் சார். அப்பா இல்லாததால நான்தான் ஆம்பளைன்னு திண்ணையில உக்காந்து பதில் சொன்னேன். "அம்மா?"ன்னு கேட்டார். "சும்மா வீட்டுலதான் சார் இருக்காங்க"ன்னேன். வாத்தியாராகப் போறவன், அம்மா பீடி சுத்தறாங்கன்னு சொல்ல வெக்கம். அம்மா அந்த நேரத்துல அடுப்படி நிலையில சாஞ்சு, மடியில பீடித்தட்டோட உக்காந்திருந்தாங்க. நான் சொன்னது அவங்களுக்குக் கேக்காம இருந்திருக்காது. என் பயிற்சிக்கான ஃபீஸ், பஸ் பாஸ், வெள்ளைச் சட்டை அத்தனையும் அந்தத் தட்டுல இருந்து வந்தது.

2011ல ஆச்சி வீட்டுக் கதையைச் சொல்லி, கூடவே இதையும் அம்மாகிட்ட சொல்லி வருத்தப்பட்டேன். "அதுக்கென்னல இப்போ? நீ எழுதச் சொல்லியிருந்தா மட்டும் ஆயிரத்துக்கு அஞ்சு ரூவா கூட்டிக் குடுத்திருப்பானாக்கும்?"னு கேட்டுட்டு டி.வி. பாக்கப் போயிட்டாங்க.

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. எழுதினா என்ன ஆகும், எழுதலைன்னா என்ன ஆகும்? எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பதில் சொல்றேன். 2011 கணக்குப்படி இந்தியாவுல பொம்பளைங்கள்ல வேலை செய்யறவங்க 25.5 சதவீதம். ஆம்பளைங்க 53.3. நம்ம தமிழ்நாட்டுல பொம்பளைங்க 31.8. இந்த நம்பரை வெச்சுதான் இத்தனை வருஷமா ஆராய்ச்சிக்காரங்க கட்டுரை எழுதறாங்க, டி.வி.யில விவாதம் பண்றாங்க, இந்தியப் பெண்கள் ஏன் உழைப்புச் சந்தைக்கு வர்றதில்லைன்னு கவலைப்படறாங்க. உண்மையிலேயே குறைவா இருக்கலாம், அதுக்குக் காரணம் ஆயிரம் இருக்கலாம். ஆனா அந்த 31.8க்குள்ள என் 30 வீடும் இருக்கு. என்னை மாதிரி வேகமா முடிச்ச வாத்தியார் நான் ஒருத்தன் மட்டும்தான்னு நீங்க நம்பினா உங்களுக்கு நல்ல மனசு :-)

கோர்ட் வரைக்கும் இது போயிருக்கு. 2010 ஜூலையில, ஒரு குடும்பத் தலைவி விபத்துல இறந்ததுக்கு இழப்பீடு கேட்ட வழக்குல உச்ச நீதிமன்றம் சென்சஸை ஒரு பிடி பிடிச்சுது. 2001 கணக்கெடுப்புல வீட்டு வேலை பாக்கற கிட்டத்தட்ட 36 கோடிப் பெண்களை வேலை செய்யாதவங்கன்னு போட்டு, பிச்சை எடுக்கறவங்க, பாலியல் தொழில்ல இருக்கறவங்க, கைதிகளோட ஒரே வகையில சேத்திருக்கேன்னு கேட்டுது. செத்தவங்க உயிருக்கு விலை போடும்போது கூட "சும்மா இருந்தாங்களா, வேலை பாத்தாங்களா"ங்கறது வந்து நிக்குது பாருங்க. அம்மா கேட்டதுக்கு இதான் பதில். கூலி கூட்டிக் குடுக்க மாட்டான், சரி. ஒரு லாரி மோதினா, நீ யாருன்னு ஒரு காகிதம் கேப்பான்ல?

சோறாக்கறது, துணி துவைக்கறது, பிள்ளை வளக்கறது இதையெல்லாம் சென்சஸ்ல வேலைன்னு சேக்கணுமா இல்லையாங்கறது பெரிய சண்டை. 2019ல தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வுல, சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு அதைச் செய்யற பொம்பளைங்க ஒரு நாளைக்கு 299 நிமிஷமும், அதைச் செய்யற ஆம்பளைங்க 97 நிமிஷமும் செலவழிக்கறாங்கன்னு வந்துச்சு. (97 நிமிஷமா, எங்க வீட்டுலயான்னு எங்கம்மணி சிரிக்கறது கேக்குது.) அந்தச் சண்டையை இன்னொரு நாள் வெச்சுக்கலாம். நான் சொல்றது அதைவிடச் சின்ன விஷயம். எதையெல்லாம் வேலைன்னு எழுதணும்னு அரசாங்கமே சொல்லியிருக்கோ, கையேட்டுல அச்சடிச்சே குடுத்திருக்கோ, அதையே நாங்க எழுதலை. சட்டம் மாத்த வேண்டாம், போராட்டம் வேண்டாம். கேள்வியை முழுசாக் கேட்டா போதும். அதுவே நடக்கலைங்கறதுதான் என் வயித்தெரிச்சல்.

"இருபது நாள்ல பள்ளிக்கூடமும் பாத்துக்கிட்டு இத்தனை வீட்டையும் முடிக்கச் சொன்னா வேற எப்படிய்யா முடியும்"னு வாத்தியார் நண்பர்கள் சண்டைக்கு வருவாங்க. வாங்க. அதுவும் உண்மைதான். முழுசாக் கேக்க நேரம் குடுக்காம முழுசான பதிலை எதிர்பாக்கறது மோசடி. ஆனா எனக்குப் பிடிபடாதது ஒண்ணு. நேரம் இல்லாதப்போ நாம எந்தக் கேள்வியைச் சுருக்கினோம்? குடும்பத் தலைவர் பேரை யாராவது சுருக்கினோமா? அவர் எந்த ஆபீஸ், என்ன உத்தியோகம்னு விளக்கமாக் கேட்டு எழுத நேரம் இருந்துச்சே. கத்திரி வெச்சது அவர் பொண்டாட்டி வரியிலதான்.

இப்போ அடுத்த கணக்கெடுப்பு. 2021ல நடந்திருக்க வேண்டியது, கொரோனாவுல தள்ளிப் போனது. 2027 மார்ச் 1ம் தேதி நள்ளிரவைக் கணக்கு நேரமா வெச்சு 2025 ஜூன் 16ல அரசிதழ்ல அறிவிச்சாங்க. முதல்ல வீட்டுப் பட்டியல், பொறவு மக்கள் எண்ணிக்கை. வேலைக் கேள்வி எப்பவும் வர்றது அந்த ரெண்டாவது கட்டத்துலதான். இந்தத் தடவை காகிதம் கெடையாது, மொபைல் ஆப். 1931க்கு அப்புறம் முதல் தடவையா எல்லாச் சாதியையும் எண்ணப் போறாங்கன்னதும் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதைப் பத்தித்தான் பேச்சு. பேச வேண்டியதுதான், நானே அதுக்கு ஆதரவுதான். ஆனா அதே படிவத்துல இருக்கப் போற இன்னொரு கட்டத்தைப் பத்தி ஒருத்தரும் வாயைத் தொறக்கலை.

எனக்கு பயமே இன்னொரு இடத்துல இருக்கு. சுய கணக்கெடுப்புன்னு ஒரு வசதி குடுக்கறாங்க. கணக்கெடுப்பாளர் வர்றதுக்கு முன்னாடி நாமளே ஆன்லைன்ல நம்ம குடும்ப விவரத்தைப் பதிஞ்சுக்கலாம். நல்ல வசதிதான், வாத்தியார் பொழப்பும் கொஞ்சம் லேசாகும். ஆனா வீட்டுல போனை எடுத்து உக்காந்து பதியப் போறது யாரு? அதே திண்ணை ஆம்பளைதான். திண்ணைக்குப் பதிலா சோஃபா. நான் கேட்டப்போவாவது உள்ள இருந்து கத்தரிக்கோல் சத்தம் கேட்டுச்சு, எனக்கு மனசாட்சின்னு ஒண்ணு நாலு நாள் கழிச்சாவது முழிச்சுது. வாசிச்சுக் காட்டுன்னு சண்டை போட ஒரு ஆச்சி இருந்தாங்க. ஆப்கிட்ட போய் யார் வாசிச்சுக் காட்டச் சொல்றது?

நேத்து ராத்திரி அண்ணன் மகளுக்குத் திரும்ப போன் பண்ணி இது அத்தனையும் சொன்னேன். அமைதியாக் கேட்டா. "அப்போ என்ன சித்தப்பா கேக்கணும், சரியா சொல்லுங்க, எழுதிக்கறேன்"னா. சொன்னேன். பொம்பளைங்களைப் பத்தின கேள்வியைப் பொம்பளைங்ககிட்டயே கேளு. போறீங்களான்னு கேக்காத. என்னென்ன சோலி பாக்கீங்கன்னு கேளு. உங்க ஊர்ல சோலிங்கற வார்த்தை இல்லைன்னா அங்க என்ன சொல்றாங்களோ அதை முதல்ல கண்டுபிடி. எழுதினதை வாசிச்சுக் காட்டிட்டு எந்திரி.

"ஒரு வீட்டுக்கு இவ்ளோ நேரம் எடுத்தா எப்படி சித்தப்பா முடிப்பேன்?"னு கேட்டா. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. லீவு போட்டு நானும் கூட வர்றேன்னு சொல்லியிருக்கேன். விதிப்படி கூடாது, வெளிய பைக்கோட நின்னுக்கறேன்.

உங்ககிட்ட கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான் மக்கா. ஆன்லைன்ல பதியறதா இருந்தா, வேலைங்கற கட்டம் வரும்போது போனை வீட்டம்மாகிட்டயோ அம்மாகிட்டயோ குடுத்துடுங்க. ஆள் வந்து கேட்டா அந்த டீச்சருக்கு ஒரு சொம்புத் தண்ணி குடுத்து, ஃபேனுக்குக் கீழ உக்கார வைங்க. உள்ள இருக்கறவங்களைக் கூப்பிட்டு எதிர்ல உக்கார வெச்சுட்டு, நீங்க எந்திரிச்சு அந்தாண்ட போயிருங்க.